ஒற்றை மூச்சு ஏலம்

வாழைச்சேனைத் துறைமுகத்துக்குச் சற்றுத் தள்ளி, களப்பு கடலோடு சேரும் வாயை ஒட்டி, சிறு தோணிகள் மட்டும் ஒதுங்குகிற மணல் துறை ஒன்று இருக்கிறது. அங்கே மீன் ஏலத்துக்கு ஒரே ஒரு சட்டம். ஏலம் கூறுபவர் மூச்சை உள்ளே இழுத்து ஒரு பெட்டி மீனுக்கு விலை சொல்லத் தொடங்குவார். அந்த மூச்சு ஓடும்வரை யாரும் தலையை ஆட்டி விலையை ஏற்றலாம். அடுத்த மூச்சுக்கு அவர் வாயைத் திறந்தாரோ, பெட்டி கடைசியாகத் தலையாட்டியவருக்குச் சொந்தம். அதற்கு மேல் பேச்சில்லை. இந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று கேட்டால், பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட யாரையாவது கைகாட்டுவார்கள்.

ஓட்டமாவடி நிஸ்தார் அங்கே ஏலம் கூறிய காலத்தில், அவருடைய மூச்சுக்கு ஒரு முடிவு உண்டா என்று வாங்க வந்தவர்களுக்கே சந்தேகம் வரும். ஒரு பெட்டிப் பாரை மீனுக்கு அவர் விலை சொல்லத் தொடங்கினால், வியாபாரி மனதுக்குள் இலாபத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம், போதும் விட்டுவிடுவோம் என்று முடிவு செய்யலாம், பக்கத்தில் நிற்பவன் சிரிப்பதைப் பார்க்கலாம், அந்தச் சிரிப்பைப் பொறுக்காமல் இன்னொரு தரம் தலையாட்டலாம். இத்தனைக்கும் ஒரே மூச்சில் இடம் இருந்தது. ஏலத்தில் விலையை ஏற்றுவது பக்கத்தில் நிற்பவன் மேலுள்ள கடுப்புத்தான். கடுப்பு ஊறுவதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்தை நிஸ்தார் தம் நெஞ்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தோணிக்காரர்கள் அவரைக் கொண்டாடினார்கள். வியாபாரிகள் அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, குடிக்கிற நேரத்திலாவது வாய் மூடியிருக்கட்டும் என்று பார்த்தார்கள்.

ஒரு நாள் ஐஸ் லொறியின் மேல் ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து, பின்பக்கமாகக் கீழே விழுந்தார். நெஞ்சின் மேற்பகுதிக்கு நேராக முள்ளந்தண்டு நொறுங்கியது. கைகள் தப்பின. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் அங்கேயே இருந்தது, ஆனால் சொன்ன சொல் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடந்த மாதங்களில் அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது குரல். கால் போனாலும் குரல் போகவில்லை. ஒரு நாள் பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த தயிர்ச்சட்டியை, கட்டிலில் படுத்தபடியே ஏலம் போட்டார். வார்ட் முழுக்கச் சிரித்தது. தாதி ஒருத்தி தன்னை அறியாமல் தலையாட்டிவிட்டு, பிறகு வெட்கப்பட்டாள். அன்று மனைவி ஹஸீனாவிடம் அவர் சொன்னார், துறைக்குப் போவதற்குக் கால் எதற்கு, யாராவது கொண்டுபோய் வைத்தால் வாய் வேலை செய்யும் என்று.

பிறகு ஒரு காலை அவரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் இருத்தினார்கள். அதே ஏலத்தைச் சொல்லிப் பார்த்தார். பாதியில் மூச்சு அறுந்தது. மறுபடி சொன்னார். மறுபடியும் அறுந்தது. நாற்காலியில்தான் கோளாறு, வேறு நாற்காலி கொண்டு வாருங்கள் என்று சத்தம் போட முயன்றார். அந்தச் சத்தமும் பாதியில் நின்றது.

உடற்பயிற்சி மருத்துவம் பார்க்கும் வதனி அவருக்கு விளங்கப்படுத்தினாள். மூச்சை இழுக்கிற பெரிய தசை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூரைபோல வளைந்து நிற்பது, அவருக்கு நன்றாகத்தான் வேலை செய்கிறது. விலா எலும்புகளை விரிக்கிற தசையும் வயிற்றைப் பிடித்து வைத்திருக்கிற தசையும்தான் செயல் இழந்துவிட்டன. படுத்திருக்கும்போது குடல்கள் மேலே ஏறி அந்தக் கூரைக்கு முட்டுக் கொடுக்கும். உட்கார்ந்தால் வயிறு முன்னால் சரிந்து தொங்க, கூரையும் கீழே தாழ்ந்துவிடும். தாழ்ந்த கூரைக்கு இழுக்க இடம் ஏது?

நிஸ்தார் யோசித்துவிட்டு, படுத்தபடியே ஏலம் கூறுவதற்கு ஏதும் வழி உண்டா என்று கேட்டார். வதனி சிரிக்கவில்லை. படுத்தே கிடந்தால் சளி கட்டும், முதுகு புண்ணாகும், நெஞ்சு இன்னும் சுருங்கும் என்றாள். பிறகு அவள் மூன்று வேலைகளைச் சொன்னாள். வயிற்றைச் சுற்றி அகலமான துணிக்கட்டு ஒன்று கட்ட வேண்டும். உள்ளே இழுக்கும்போது காற்றைத் தடுக்கிற சிறு குழல் ஒன்றை வாயில் வைத்து மூச்சுத் தசைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். கையால் சுற்றுகிற மிதிகட்டையைச் சுற்றி நெஞ்சையும் தோளையும் பழக்க வேண்டும்.

நிஸ்தார் கேட்ட விலைக்கு எதையும் வாங்கிப் பழகாதவர். குழலை எத்தனை தரம் இழுக்க வேண்டும் என்று அவள் சொன்னாலும், அதில் பாதிக்குப் பேரம் பேசினார். முதல் வாரத்தில் வதனி தோற்றாள். இரண்டாவது வாரத்திலிருந்து, தனக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கைச் சொல்லத் தொடங்கினாள். அவர் அதைப் பாதிக்குக் குறைத்துவிட்டு, ஆளை மடக்கிவிட்டேன் என்ற திருப்தியில் செய்து முடிப்பார். மூச்சுப் பயிற்சியாவது இப்படி நடந்தது. வயிற்றுக் கட்டு விஷயத்தில் மட்டும் பேரம் படியவில்லை.

“புள்ள பெத்த பொம்புளைக்குக் கட்டுற கட்டு அது,” என்றார். “எனக்கு வேணா.”

ஹஸீனா துவைத்த சாரனை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, “மூணு பெத்தன். அந்தக் கட்டக் கட்டித்தான் எழும்பி நடந்தன். எனக்கு ஒண்டும் கொறஞ்சி போகல்ல,” என்றாள்.

அவர் அப்போதும் கட்டைக் கட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் குழல் அலுமாரியின் மேல் ஏறியது.

அவரைத் துறைக்குத் திரும்ப அழைத்து வந்தவர் அழகரத்தினம். வாழைச்சேனையில் ஐஸ் களஞ்சியம் வைத்து, துறையில் அரைவாசி மீனை வாங்குகிறவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. இலாபம் வரும் வழியாகவே இரக்கமும் வந்து சேருகிற மனிதர், அவ்வளவுதான். நிஸ்தார் விழுந்த பிறகு ஏலம் கூறிய ஆளை ஏதோ சொல்லி வேறு இடத்துக்கு அனுப்பினார். மணலில் சக்கரம் புதையாமல் பலகை போடுவித்தார். வெயிலுக்குப் பெரிய குடை நட்டார். ஒவ்வொரு காலையும் ஓட்டமாவடிக்கு ஓட்டோ அனுப்பி, தம் செலவில் நிஸ்தாரை ஏற்றி இறக்கினார். மீனவர் சங்கத்தில் யாரோ ஒரு கைமைக் வாங்கிக் கொடுப்போமா என்று கேட்டபோது, அழகரத்தினத்துக்குக் கோபமே வந்துவிட்டது. நிஸ்தாருடைய வாய்க்கு மைக் கொடுப்பது அந்த மனிதனை அவமானப்படுத்துவது என்றார். அதைக் கேள்விப்பட்ட நிஸ்தாரின் கண் கலங்கியது.

அவர் ஏலம் கூறினார். ஒரு மூச்சில் முன்பு ஏறிய படிகளில் பாதிகூட ஏற முடியவில்லை. விலை சூடுபிடிக்கிற நேரத்தில் வாய் திறந்துவிடும். பெட்டி போய்விடும். வியாபாரிகள் முதுகில் தட்டி, குரல் அப்படியே இருக்கிறது என்றார்கள். கடுப்பு ஊற நேரமில்லாததால் வியாபாரிகளுக்குள்ளே சண்டையும் குறைந்தது. எல்லோரும் ஒருவருக்கொருவர் இனிமையாகிவிட்டார்கள். தோணிக்காரர்கள் மட்டும் பெட்டியைக் கழுவிக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றார்கள். சக்கர நாற்காலியில் இருக்கிற மனிதரிடம் என்னத்தைப் பேசுவது?

தெய்வமணிதான் முதலில் விலகினாள். கதிரவெளிக்காரி. கணவன் போன பிறகு இரண்டு தோணிகளையும் தானே நடத்தியவள், வாழைச்சேனையில் குடியிருந்தாள். எண்ணெய்ச் செலவு என்று ஏதோ சொல்லி, மீனை வேறு துறைக்குக் கொண்டுபோனாள். அடுத்து இன்னும் சில தோணிகள் போயின. நிஸ்தார் அதைக் கவனித்தார். மீன்பாடு குறைந்த காலம் என்று நினைத்துக்கொண்டார். ஆள் புத்திசாலிதான். ஆனால் தன்னைப் புகழ்கிறவர்களிடம் சில்லறை எண்ணிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை.

மழை தொடங்கிய மாதம் அவருக்குச் சளி பிடித்தது. நெஞ்சில் கரகரவென்று சத்தம். இருமினால் பூனை தும்மியது போல ஒரு சின்ன ஓசை மட்டும் வரும், சளி வராது. வயிற்றுத் தசை இல்லாதவருக்கு இருமல் அவ்வளவுதான். இன்று போக வேண்டாம் என்று ஹஸீனா தடுத்தாள். அதற்குள் ஓட்டோ வந்துவிட்டது, வழக்கத்தைவிட முன்னதாகவே. அழகரத்தினமும் கூடவே வந்திருந்தார். முடிந்த அளவுக்குக் கூறினால் போதும், நாங்கள் அனுசரித்துக்கொள்கிறோம் என்றார்.

துறைக்குப் போய் இறங்கியபோது நிஸ்தார் ஒன்றைக் கண்டார். மழைநாள், மீன் குறைவு, அப்படியிருந்தும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஏறாவூரிலிருந்துகூட இரண்டு பேர் வந்திருந்தார்கள். முதல் பெட்டி இரண்டு தலையசைப்பில் போனது. அடுத்தது ஒன்றில். மூன்றாவது பெட்டிக்கு வாயைத் திறக்கும்போதே அவருக்கு மூச்சு முட்டியது. அந்த நேரத்தில் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். எல்லாம் பழக்கமான முகங்கள், எல்லாவற்றிலும் கவலை. ஆனால் கண்கள் பெட்டியில் இருந்தன. மலிவுக்கடை திறக்கும் நேரத்தில் வாசலில் நிற்கிற ஆட்களின் கண் எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து பார்த்த கண் அது.

அன்று பின்னேரமே நியுமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வதனி கட்டில் அருகில் நின்று, அவர் இருமுகிற அதே கணத்தில் இரண்டு கைகளையும் அவருடைய வயிற்றில் வைத்து மேல்நோக்கி அழுத்தினாள். இருமுவது உங்கள் வேலை, தள்ளுவது என் வேலை என்றாள். பல தரம் அப்படிச் செய்த பிறகு சளி கட்டியாக வெளியே வந்தது. இருமுவதற்குக்கூட இன்னொருவருடைய கை வேண்டியிருக்கிற ஆள் நான், எந்தத் துணிவில் ஊரார் மீனுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தேன் என்ற யோசனை நிஸ்தாருக்குள் ஓடியது.

அவரைப் பார்க்க வந்தவர்களில் தெய்வமணியும் இருந்தாள். தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசினாள். மருந்தைப் பற்றிப் பேசினாள். அவர் பேச்சை வெட்டினார்.

“அக்கா, எண்ணெய்ச் செலவுக்கா துறைய விட்டீங்க?”

அவள் ஹஸீனாவைப் பார்த்தாள். ஹஸீனா சொல்லுங்கள் என்பதுபோலத் தலையைத் தாழ்த்தினாள்.

“இல்ல தம்பி. உன்ட மூச்சு வெல ஏறுறதுக்குக் காணாது.”

“அத எனக்கிட்டச் சொல்ல இரிந்திச்சே.”

“என்னெண்டு சொல்ற? இந்தச் செயார்ல இரிக்கிற மனிசனப் பாத்து எந்த வாயால சொல்ற? ஊரே பாவம் பாத்துப் பேசாம நிண்டிச்சு. எனக்குத் தோணியில ஆறு பேர் வேல செய்றாங்க. எவ்வளவு காலத்துக்குத்தான் பாவம் பாக்கிற? அதான் சொல்லாம போனன்.”

நிஸ்தார் கூரையைப் பார்த்துக் கிடந்தார். படுத்திருந்ததால் குரல் தெளிவாக வந்தது.

“ஓட்டோ அழகரத்தினம் அனுப்பினாரு. கொட அவர் நட்டாரு. நான் தொழுது கேக்கிற துஆவில அவரயும் சேத்தன். கடசியில வெல கொறஞ்சும் பேசாம நிண்டு எனக்குத் தருமம் போட்டது நீங்களெல்லாமா?”

“அப்பிடித்தான் வெச்சிக்க,” என்றாள் தெய்வமணி. பிறகு தோடம்பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தாள். “கோவிச்சிக்காத. தின்னு.”

அவள் போன பிறகு அவர் அழகரத்தினத்தைத் திட்டவில்லை. ஹஸீனா திட்டினாள், நன்றாகவே திட்டினாள். நிஸ்தாருக்கோ அது வியாபாரம் என்று தோன்றியது. குறைந்த விலையில் கிடைக்கிறதை வாங்காத வியாபாரி யார்? வலித்தது வேறொன்று. துறையில் தாம் நிற்பது தம் தொழிலுக்காக என்று நினைத்திருந்தார். அவருடைய குறைக்காக அவரை அங்கே வைத்திருந்தார்கள். அந்தக் குறை இருக்கும்வரைதான் குடையும் இருக்கும்.

மறுநாள் வதனி வந்து பயிற்சிக் கணக்கைச் சொன்னாள். வழக்கம்போல் இரண்டு மடங்கு. நிஸ்தார் சரி என்றார். அவள் திடுக்கிட்டாள். பேரம் பேசவில்லையா என்று கேட்டாள்.

“இல்ல மிஸ். கேட்ட வெலைக்கு எடுக்கிறன்.”

வதனிக்கு இக்கட்டாகிவிட்டது. கடைசியில் அவளே வாய் திறந்து, இல்லை, பாதி போதும், அதற்கு மேல் செய்தால் தசை களைத்துவிடும் என்று குறைக்க வேண்டியிருந்தது. இத்தனை மாதமும் தம்மை யார் மடக்கியது என்று நிஸ்தாருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை கூடியிருந்தது.

வயிற்றுக் கட்டை ஹஸீனா தைத்தாள். விலாவுக்குக் கீழே தொடங்கி இடுப்பு எலும்பு வரை அகலம், ஒட்டுப்பட்டியால் இறுக்குகிற மாதிரி. படுத்திருக்கும்போது கட்ட வேண்டும், விலா எலும்பின் மேல் ஏறக் கூடாது என்று வதனி காட்டிக் கொடுத்தாள். நிஸ்தார் அதன்மேல் தம் பழைய அகலமான சாரன் பெல்ட்டைக் கட்டினால் வெளியே தெரியாது என்று ஒரு யோசனை சொன்னார். வதனி மறுத்தாள். உணர்ச்சி இல்லாத தோலில் பெல்ட்டின் கொளுக்கியும் அதன் பையில் கிடக்கிற பூட்டுத் திறப்பும் அழுத்தினால் புண் வந்த பிறகுதான் தெரியும். ஆகவே பெல்ட் இல்லை. கட்டைக் கட்டி, நாற்காலியில் இருத்தி, அதே பழைய ஏலத்தைச் சொல்லச் சொன்னார்கள். மூச்சு அறுந்த இடம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. ஹஸீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளை பெற்ற கட்டைப் பற்றி அன்று அவள் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பெருந்தன்மை இருந்தது.

வீட்டில் குழல் அலுமாரியிலிருந்து இறங்கியது. மேசையில் பொருத்திய மிதிகட்டையைக் கையால் சுற்றினார். தோள் எரிந்தது, தலை சுற்றியது, சிலநாள் கோபத்தில் குழலைத் தூக்கி எறிந்தார். அது மெத்தையில் விழும்படி பார்த்துத்தான் எறிந்தார். பின்னேரங்களில் நாற்காலியைத் தாமே உருட்டிக்கொண்டு ஓட்டமாவடிப் பாலம் வரை போவார். ஹஸீனா குடையோடு பக்கத்தில் நடப்பாள். வண்டியில் போகிறவனுக்குப் பாலத்தின் ஏற்றம் தெரியவே தெரியாது. கையால் உருட்டுகிறவனுக்கு அது மலை. முதலில் ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே திரும்பினார். பிறகு விளக்குக் கம்பம் வரை போனார். பிறகு ஒருநாள் பாலத்தின் நடுவில் நின்று கீழே களப்பைப் பார்த்தார். அங்கே நின்று மூச்சு வாங்கி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. ஹஸீனா கைபிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, அவசரமில்லாமல் நின்றாள்.

மாதங்கள் போயின. மூச்சின் அளவை ஊதிப் பார்க்கிற கருவியில் அளந்துவிட்டு, நல்ல முன்னேற்றம் என்றாள் வதனி. இருமலிலும் சத்தம் வந்திருந்தது. நிஸ்தார் நேராகக் கேட்டார், பழைய மூச்சு வருமா?

“வராது நானா,” என்றாள் அவள். “இன்னும் கொஞ்சம் கூடும். விடாமச் செஞ்சாக் குறையாம நிக்கும். பழையது வராது.”

அவர் தலையசைத்தார். பேரம் பேசுகிற இடம் அது இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

துறைக்குத் திரும்பியபோது குடையும் பலகையும் ஓட்டோவும் தயாராக இருந்தன. முதல் நாள் ஏலம் முடிந்ததும் யாரும் முதுகில் தட்டவில்லை. இரண்டு தலையசைப்பில் போன பெட்டிகள் நான்கு ஐந்துக்குப் போயின. அவருடைய மூச்சு கூடியிருப்பதை ஆஸ்பத்திரிக் கருவி கண்டுபிடிக்க ஒரு மேசையும் ஒரு பெண்ணும் வேண்டியிருந்தது. வியாபாரிகள் முதல் பெட்டியிலேயே கண்டுகொண்டார்கள். அந்த வாரத்திலிருந்து ஓட்டோ தாமதமாக வந்தது. ஓட்டோக்காரர் ஏதோ திருத்த வேலை என்றார்.

பிறகு ஒரு பின்னேரம் அழகரத்தினம் வெற்றிலைத் தட்டோடும் இனிப்புப் பெட்டியோடும் வீட்டுக்கு வந்தார். வியாபாரிகள் எல்லோரும் கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறார்களாம். நிஸ்தாருக்கு ஒரு பாராட்டு விழா. பொன்னாடை, மாலை, நினைவுச் சின்னம். மண்டபமும் பார்த்தாயிற்று. அதற்குப் பிறகு அவர் நிம்மதியாக வீட்டில் இருக்கலாம், வேறு ஒருவர் கூறுவார்.

“மச்சான், உடம்பப் பாருங்க,” என்றார் அழகரத்தினம். “இனியும் எவ்வளவு காலத்துக்குக் கஷ்டப்படுற?”

“நான் செத்துச் செத்து ஏலம் கூறக்குள்ள ஓட்டோ நேரத்துக்கு வந்திச்சு முதலாளி,” என்றார் நிஸ்தார். “இப்ப கொஞ்சம் உசிர் வந்திரிக்கி. பொன்னாடையோட வாறீங்க.”

அழகரத்தினம் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார், மனதாரத்தான் சிரித்தார். தன் கையிலிருக்கும் சீட்டை எதிராளி பார்த்துவிட்டான் என்று தெரிந்தால் நல்ல வியாபாரி அப்படித்தான் சிரிப்பான். இனிப்பை வைத்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து போனார்.

நிஸ்தார் யோசித்தார். பொன்னாடையை மறுப்பது எளிது. அது அழகரத்தினத்தோடு உள்ள கணக்கு. தெய்வமணியின் கணக்கு அப்படியே கிடந்தது. இப்போதுள்ள மூச்சும் அவளுக்குக் காணாது. இன்னும் ஒரு வருடம் குழலை இழுத்தாலும் காணாது, வதனி சொல்லிவிட்டாள். அந்த மூச்சை நம்பி மீனை இறக்கச் சொன்னால், இவரும் அழகரத்தினத்தைப்போல இரக்கத்தில் இலாபம் பார்க்கிறவர்தான். ஒன்று அவர் விலக வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் விலக வேண்டும். அந்தச் சட்டமோ அவருடைய பேர். ஒற்றை மூச்சு நிஸ்தார் என்றுதான் ஏறாவூர் வரை அவரைத் தெரியும்.

அவர் தெய்வமணிக்குத் தொலைபேசி எடுத்தார். நாளைக்கு மீனை இங்கே கொண்டு வாருங்கள் என்றார். அவள் ஒரு பெட்டி மட்டும் இறக்குவேன், அது போகிற விதத்தைப் பார்த்துத்தான் மிச்சம் என்றாள். மிச்சத்தை வேறு துறைக்குக் கொண்டுபோக ஆள் பேசி வைத்திருப்பதாகவும் சொன்னாள். நியாயமான பேச்சு என்று அவருக்குப் பட்டது.

காலையில் ஓட்டோ வரவில்லை. நிஸ்தார் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். பிறகு ஹஸீனாவிடம் வயிற்றுக் கட்டை இன்னும் ஒரு பிடி இறுக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் தெருவில் இறக்கினார். தள்ளட்டுமா என்று அவள் கேட்டாள். பாலம் வரை வேண்டாம் என்றார். பாலத்தின் ஏற்றத்தில் மீண்டும் கேட்டாள். அவர் மறுப்பாகத் தலையை மட்டும் ஆட்டினார், பேசுவதற்கு மூச்சில்லை. நடுப்பாலத்தில் ஒரு தரம் நின்றார். இறக்கத்தில் சக்கரத்தைக் கையால் பிடித்துப் பிடித்து இறங்கினார். உள்ளங்கை சிவந்துவிட்டது.

துறையில் அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. தெய்வமணியின் பாரைப் பெட்டி மணலில், கவிழ்த்துவைத்த வெற்றுப் பெட்டி ஒன்றின் மேல் இருந்தது. ஐஸ் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. அழகரத்தினம் பக்கத்தில் நின்று, ஏலமே இல்லாமல் மொத்தமாக ஒரு விலை கேட்டிருந்தார். தெய்வமணி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தோணியின் விளிம்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

பலகையை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். மணலில் மட்டும் ஹஸீனா தள்ளினாள். நிஸ்தார் பெட்டிக்கு அருகில் வந்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு இழுத்துப் பிடித்துக் கூறத் தொடங்கினார். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் கடைசி வரிசை வரை போனது. ஒருவர் தலையாட்டினார். அழகரத்தினம் ஆட்டினார். மற்றவர் ஆட்டினார். மீண்டும் அழகரத்தினம். மூச்சு முடிந்தது. நிஸ்தாரின் வாய் திறந்தது.

அழகரத்தினம் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். நிஸ்தார் குனிய முடியாத ஆள். நாற்காலியின் சக்கரத்தை உருட்டிப் பெட்டியில் முட்ட வைத்து, அதன் விளிம்பில் கையை வைத்தார்.

“மூச்சுத்தான் முடிஞ்சிச்சு முதலாளி. வெல முடியல்ல.”

“இதென்ன புதுக்கத? சட்டம் இருக்கெல்லோ.”

“அந்தச் சட்டத்தால பேரெடுத்தவன் நான். வேற ஆரும் இதச் சொல்லியிருந்தா நானே துரத்தியிருப்பன்.” அவர் நிறுத்தி, மூச்சை இழுத்தார். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். “இனி நான் கையெடுத்தாத்தான் பெட்டி போகும். அதுக்குள்ள எத்தின மூச்சு எடுத்தாலும் அது என்ட பாடு.”

“அப்ப உங்கட பேர்?”

“அதையும் சேத்து ஏலத்தில விட்டுட்டன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஏறாவூர்க்காரர்கள் இருவரும் இது சரிவராது என்று சொல்லி மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள். மற்றவர்கள் போகவில்லை. பாரை நல்ல பாரை. கண்கள் பளபளவென்று இருந்தன, செவிள் சிவந்திருந்தது. நிஸ்தார் ஒரு கையைப் பெட்டியிலேயே வைத்தபடி, மற்றக் கையை முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்து, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைச் சேர்த்தார். அந்த இடைவெளியில் கடைசியாகத் தலையாட்டியிருந்த அழகரத்தினத்தை, பக்கத்தில் நின்ற வாழைச்சேனைக் கடைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து மெல்லப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையில் என்ன இருந்ததோ, நிஸ்தார் நிமிர்ந்து விலையை மறுபடி எடுத்தபோது அந்தக் கடைக்காரரின் தலை முதலில் ஆடியது. அடுத்து, வேண்டா வெறுப்பாக, அழகரத்தினத்தின் தலை. பிறகு இன்னொன்று. நடுவில் இன்னும் ஒரு தரம் மூச்சு வாங்க நின்றார். நின்ற நேரத்தில் கடுப்பு ஊறியது.

கையை எடுத்தபோது பெட்டி அழகரத்தினத்துக்கே போனது, அவர் காலையில் கேட்டதைவிட நன்றாகவே கூடிய விலைக்கு. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டே, பொன்னாடைக்குக் கொடுத்த முற்பணம் போயிற்று என்று முணுமுணுத்தார்.

நிஸ்தார் தெய்வமணியைப் பார்த்தார். அவள் தோணிக்குள் குனிந்து தன் ஆளிடம் ஏதோ சொன்னாள். இன்னொரு பெட்டி மணலில் இறங்கியது.

“முழுக்க இறக்கல்ல தம்பி,” என்றாள். “இன்னும் ஒண்டு. பாப்பம்.”

“ரெண்டா இறக்குங்க அக்கா.”

“ஒண்டு.”

அவர் வாதாடவில்லை, வாதாடுவதற்கு மூச்சு மிச்சமில்லை. மறுபடி முழங்காலில் கையை ஊன்றிச் சாய்ந்தார். ஹஸீனா குடையை அவர் தலைக்கு மேல் நகர்த்தினாள். பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் நகரவில்லை, யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஒரு மனிதர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை துறை காத்து நின்றது.